பகைச்சோறு

வெட்டு விழுந்தபோது காசிராசனின் வாயில் இட்லி இருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தவன், இரண்டாவது இட்லியைச் சாம்பாரில் பிசைந்து கொண்டிருந்தான். பின்னால் வந்த தவசி முதல் வெட்டைக் கழுத்தில் போட்டான். இரண்டாவதைத் தடுக்க வந்த கையில் போட்டான். மூன்றாவது எங்கே விழுந்தது என்று பார்த்தவர்கள் சொல்ல மறுத்துவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், காசிராசனின் மனைவி நாகவல்லி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்காரர்தான். வயிறு பாதிதான் நிறைந்திருந்தது என்று அவர் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். புருஷன் செத்தது ஒரு பக்கம் இருக்க, அரை வயிற்றோடு செத்தான் என்பது அவளுக்கு இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை.

நாகவல்லி அந்த ஆஸ்பத்திரியில் நிறைவிப் பிரிவின் உணவு ஆலோசகர். நிறைவி என்பது சட்டைப் பொத்தான் அளவுக் கருவி. விலா எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைத் தொட்டுக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு முட்டிவிட்டது என்று மூளைக்குப் பொய் சொல்லும். சர்க்கரைக்காரர்களும் உடம்பு பெருத்தவர்களும் வரிசையில் நின்று வைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பந்திகளில் அண்டா அண்டாவாகச் சோறு மிஞ்சுவதாகச் சமையல்காரர்கள் திட்டினார்கள். எந்த உடம்புக்கு எதை எவ்வளவு தின்றால் நிறையும் என்று கேட்டால் நாகவல்லி ஆளைப் பார்த்ததுமே சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

கருவேலங்குறிச்சியில் மேலவீடும் கீழவீடும் பங்காளிகள். கண்மாய் வற்றும்போது முதல் வலையை யார் வீசுவது என்று எப்போதோ தொடங்கிய சண்டையில் தலைமுறை தலைமுறையாகப் பிணம் விழுந்துகொண்டிருந்தது. மனுசன் நிலாவில் போய்க் குடியிருக்கிற காலத்திலும் இவர்கள் அரிவாள் தீட்டுவதை விடவில்லை. நிலாவுக்கு வேலைக்குப் போனவர்களில் ஒருவன் கீழவீட்டுக்காரன்தான். லீவுக்கு வந்தவன் சும்மா போகாமல் ஒருத்தன் கையை வெட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

கீழவீட்டுத் தவசி தண்டனை முடிந்து ஊருக்கு வந்து சில மாசம் கழித்து, ஊர்த்தலைவரான அம்பலகாரர் இரண்டு வீட்டையும் கூட்டிப் பகைச்சோறு போடச் சொன்னார். அந்த ஊர் வழக்கம் அது. கொன்றவன் முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, அய்யனார் கோயில் பொட்டலில் தனி இலை முன்னால் வந்து உட்கார வேண்டும். தாலியறுத்தவள் தன் கையால் சமைத்துத் தன் கையால் பரிமாறுவாள். அவன் போதும் என்று சொல்லக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்கக் கூடாது. அவள் மனம் ஆறி, "போதும், எந்திரி" என்று சொல்லும்போது பகை தீர்ந்தது. அதற்கு முன்னால் அவன் தோற்றால் பேச்சு முறிந்தது, அப்புறம் யாரும் யாரையும் வெட்டலாம். அவள் சொன்ன பிறகு அவன் ஒரு பருக்கை தின்றாலும் மன்னிப்பைக் காறித் துப்பியதாக அர்த்தம். அப்படி யாரும் தின்றதாகக் கதை இல்லை. மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருப்பவன் எதற்குத் தின்னப் போகிறான்?

மேலவீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண் காசிராசனின் தம்பி ராக்கப்பன். அண்ணன் செத்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவனை நாகவல்லிதான் ஆளாக்கினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, இவன்தான் பிள்ளை. பேச்சு முறிந்தால் ராக்கப்பன் வெட்டுவான், பிறகு அவனை வெட்டுவார்கள். அதனால் பேச்சு முறியக் கூடாது. ஆனால் தவசி துடிப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டும் நடக்க வேண்டுமென்றால் அளவு தெரிந்த கை வேண்டும். அது தன்னிடம் இருக்கிறது என்று அவள் நம்பினாள்.

காலையில் பொட்டலில் அடுப்பு மூட்டிக் களி கிண்டிக்கொண்டிருந்தவளிடம் ராக்கப்பன் வந்து நின்றான்.

"என்ன மதினி, நோயாளிச் சாப்பாடா இருக்கு? கெடா வெட்டிப் பிரியாணி போடுவீகன்னு பாத்தேன்."

"பிரியாணி நாலு தட்டு நோகாம உள்ள போயிரும் தம்பி. நெய்யும் எண்ணெயும் நாக்குக்குத்தான் சுகம், வயித்துல எடம் அடைக்காது. மைதா, சீனி எல்லாம் அப்படித்தான். தின்னது மூளைக்குத் தெரியறதுக்குள்ள அளவு தாண்டிரும்."

"களி?"

"களியில தண்ணியும் நாரும் சேந்து எடத்த அடைச்சுக்கும். கெழங்க வறுத்து வச்சா கூடையையே காலி பண்ணலாம், வெறுமனே அவிச்சு வச்சா நாலுக்கு மேல எறங்காது. கொள்ளு, மொச்ச, முட்ட, கொழுப்பில்லாத கறி இதெல்லாம் உள்ள போனதும் கொடலே மூளைக்குத் தாக்கல் சொல்லிவிடும், நிறுத்துடான்னு."

"அப்ப சீக்கிரம் முடிஞ்சுருமே!"

"நெறயறதுதான் சீக்கிரம். முடியறத நான்ல சொல்லணும்."

ராக்கப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவன் முதுகுப் பக்கம் சட்டைக்குள் அரிவாளின் பிடி புடைத்துக்கொண்டிருந்தது. அதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

"அவுக மட்டும் வெறுங்கையோடவா வரப் போறாக?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

உச்சி வெயிலில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே கூடினார்கள். வேலிக்கு வெளியே போலீஸ் வேன் நின்றது, தலைக்கு மேலே அவர்களுடைய ட்ரோன் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்தால் வழக்கம் கெடும் என்று அம்பலகாரர் சொல்லியிருந்தார். தவசி பனியனும் வேட்டியுமாக வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். ஜெயிலில் ஊதிப் பெருத்திருந்தவன் வெளியே வந்து பாதியாக இளைத்திருந்தான். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தபோது அவன் கை நடுங்கியது. பயப்படுகிறான் என்று நினைத்து நாகவல்லி சந்தோஷப்பட்டாள்.

அவன் உடம்பைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் உருண்டைக் களியில் நெற்றி வேர்க்கும், மூன்றாவதில் கண் கலங்கும். நாலாவதில் தலை நிமிர்ந்து தன்னைப் பார்ப்பான், அந்தப் பார்வை தனக்குப் போதும் என்று இருந்தாள்.

முதல் உருண்டை போன இடம் தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது, கொள்ளு மசியல், ஒரு கூடை கிழங்கு, மொச்சை, முட்டை எல்லாம் போயின. தவசி குனிந்த தலை நிமிராமல் தின்றான். இலையை வழித்து விரலை நக்கினான். பிறகுதான் தலை தூக்கினான்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க மதினி."

கீழவீட்டுப் பக்கம் விசில் பறந்தது. தவசியின் பெரியப்பா சோலைச்சாமி மீசையை நீவிக்கொண்டு எழுந்து நின்றார். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு மேலவீட்டு அடுப்பு பத்தாது போலருக்கே! வேணும்னா எங்க வீட்லருந்து அரிசி குடுத்து விடவா?"

நாகவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கரண்டியாலேயே அவன் மண்டையைப் பிளக்க வேண்டும் போல் இருந்தது. கழுத்தை அறுத்தவன் மாமியார் வீட்டு விருந்துக்கு வந்தவன் மாதிரி கேட்டு வாங்கித் தின்கிறான். அவள் கறிச் சட்டியை அப்படியே இலையில் கவிழ்த்தாள். அவன் அதையும் தின்றான், எலும்பைக் கடித்து உறிஞ்சினான்.

அப்புறம்தான் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவன் உதடு வெளுத்திருந்தது. நெஞ்சின் மேல்பாகத்தில் மட்டும் மூச்சு வாங்கினான். விக்கல் வந்தது, காதோரம் வேர்வை வழிந்தது, வயிறு பறையடிக்கலாம் போல விறைத்திருந்தது. முகத்தில் மட்டும் பசி. அந்த முகத்தை அவள் புற்றுநோய் வார்டில் பார்த்திருக்கிறாள். சோறே இறங்காதவர்களுக்கு நிறைவியைத் தலைகீழாக மாற்றி, நிறைந்த உணர்ச்சியை அடைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஆள் நின்று அளந்து ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் தட்டை விடமாட்டார்கள். தவசி குனிந்தபோது பனியன் மேலே ஏறியது. விலாவுக்குக் கீழே பொத்தான் அளவு மேடு தெரிந்தது.

சோற்று வாளியை எடுக்கப் போகிறவள் போலப் பெண்கள் நின்ற பக்கம் போனாள். தவசியின் பெண்டாட்டி கவியரசி ஓரமாக நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நிறைவி எப்ப வச்சான்?"

கவியரசி மிரண்டாள். "சக்கரைக்கு வச்சதுக்கா. மதுரையில."

"இப்ப அது எதுல இருக்கு?"

"பெரிய மாமா, அந்தா மீசைய நீவுறாரே அவருதான், யாரோ ஒருத்தனக் கூட்டியாந்து மாத்திட்டாருக்கா. வயிறு நெறஞ்சதே தெரியாம அடைச்சு விட்ருக்காக. எலையில தோத்துறக் கூடாதாம், குடும்ப மானமாம். பட்டினி வேறயா, நேத்துலருந்து பசி பசின்னு அலறுறாரு. தலகாணியக் கடிச்சுக் கிழிச்சுட்டாருக்கா."

"அடிப் பாவிகளா! தெரியாம அடைச்சுட்டா வயிறு பெருசாயிருமா? மூளைக்குத் தெரியலன்னாலும் பை பைதானடி? கிழிஞ்சிரும்."

"வலிச்சா நிறுத்திருவாருல்ல?"

"வலிக்கத்தான் செய்யும். அதையும் பசின்னு நெனச்சுக்கிட்டுத் திம்பான்."

கவியரசி முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினாள். "நிறைவிய மாத்துறது இந்தப் போன்லதான் இருக்கு. எனக்கு மாத்தத் தெரியலக்கா, எத அமுக்கணும்னு சொல்லுங்கக்கா. உங்க கால்ல விழறேன்."

நாகவல்லி போனைப் பார்த்தாள். எதை அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தினமும் செய்கிற வேலை. இரண்டு நொடி போதும். ஆனால் அவள் மனசு வேறெங்கோ ஓடியது. தான் ஒன்றுமே செய்ய வேண்டாம். அரிவாள் வேண்டாம், விஷம் வேண்டாம், ஊரே பார்த்திருக்க, ஊர் வழக்கப்படி, கேட்டவனுக்குக் கேட்டதைப் போட்டால் போதும். இப்படி ஒரு வசதி எந்தத் தாலியறுத்தவளுக்கும் வாய்த்திருக்காது.

"அப்புறமாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அதுவரை களியும் கிழங்குமாகப் போட்டவள் இப்போது குழையக் குழைய வடித்த வெள்ளைச் சோற்றைப் போட்டாள். மேலே ரசத்தை ஊற்றினாள். மெல்லவே வேண்டாம், அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். தவசி இரண்டு கையாலும் அள்ளினான். அவள் மறுபடியும் போட்டாள். அவன் வாய் ஓரமாகச் சோறு வழிந்தது. பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் அவன் தொண்டையிலிருந்து வந்தது, முகம் ஒரு தரம் கோணிக்கொண்டு மறுபடி நேரானது. காசிராசா, நீ அரை வயிற்றோடு போனாய் அல்லவா, பார்த்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அப்படி இனித்தது.

மறுகரண்டிக்குக் குனிந்தபோது எதிரே ராக்கப்பன் கண்ணில் பட்டான். அவன் கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அவனுக்கு எதிரே கீழவீட்டுக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள், இடுப்புத் துண்டுகள் எல்லாம் புடைத்திருந்தன. தவசி இந்த இலையிலேயே விழுந்தால் அவர்கள் முதலில் யார்மேல் பாய்வார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தவசிக்காக இல்லை, ராக்கப்பனுக்காகத்தான் கரண்டியைக் கீழே போட்டாள்.

"போதும். எந்திரி!"

அவள் குரல் கிறீச்சிட்டது. கோயில் வாசலில் பறை முழங்கியது. அம்பலகாரர் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு பக்கமும் பெண்கள் குலவையிட்டார்கள்.

தவசி எழுந்திருக்கவில்லை. தின்றுகொண்டிருந்தான்.

"போதும்னு சொல்றேன்ல, எந்திரிடா!"

அவன் காதில் ஏறவில்லை. இலையில் இருந்ததை வழித்து வாயில் திணித்தான். பிறகு முழங்காலிட்டு நகர்ந்து வந்து சோற்று வாளியைக் கட்டிப்பிடித்தான். அவள் பிடுங்கினாள், அவன் விடவில்லை, முகத்தோடு வாளிக்குள் கவிழ்ந்தான். குலவை பாதியில் நின்றது. பறை அடித்தவர்கள் கோலைக் கீழே இறக்கினார்கள்.

"மதினி மன்னிச்ச பெறகும் திங்கிறியாடா நாயே!" என்று கத்திக்கொண்டு ராக்கப்பன் பாய்ந்தான்.

"வேணாம் தம்பி, அவனுக்குத் தெரியல, அவனுக்குத் தெரியலடா!" என்று குறுக்கே விழுந்தவளின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு அரிவாள் தவசியின் தோளில் இறங்கியது. எலும்பில் மாட்டி நின்றது. ராக்கப்பன் காலை ஊன்றி அதைப் பிடுங்கியபோது சோறெல்லாம் சிவந்தது. தவசி அந்தச் சோற்றையும் அள்ளினான். அதைப் பார்த்து வெட்டியவனே ஒரு கணம் திகைத்து நின்றான், அந்த ஒரு கணத்தில் கீழவீடு மொத்தமும் அவன்மேல் வந்து விழுந்தது.

அடுப்புக் கட்டையால் ஒருவன் ராக்கப்பனின் முழங்காலை அடித்து நொறுக்கினான். இன்னொருவன் கழுத்துக்கு ஓங்கியதை ராக்கப்பன் கையால் தடுக்க, இரண்டு விரல்கள் களிச் சட்டிக்குள் போய் விழுந்தன. மேலவீட்டு மாமன் மச்சான்மார்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கொதிக்கிற ரச அண்டாவை யாரோ எட்டி உதைத்தார்கள், சோலைச்சாமி முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டார். அம்பலகாரரின் பல் உடைந்தது. நாகவல்லி ராக்கப்பன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். முதுகில் மிதி விழ விழ அவனை விடவில்லை.

அந்தக் களேபரத்துக்குள் கவியரசி போனோடு தவழ்ந்து வந்தாள். "அக்கா, இப்பவாச்சும் சொல்லுங்கக்கா!"

நாகவல்லி ரத்தம் வழியும் கையால் காட்டினாள். கவியரசி அமுக்கினாள்.

தவசியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. கையில் இருந்த சோற்றை யாரோ கொண்டுவந்து வைத்தது மாதிரிப் பார்த்தான். விரல்கள் விரிந்தன, சோறு கீழே விழுந்தது. பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தான்.

"வலிக்குது மதினி" என்றான். "ரொம்ப வலிக்குது." அதைச் சொல்லிவிட்டு இலைமேல் சாய்ந்தான். போலீஸ்காரர்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவன் இன்னும் முனகிக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும் நேரம் அறுவை சிகிச்சை மேசையிலேயே அவன் உயிர் போனது. நாகவல்லி கையில் கட்டோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ராக்கப்பன் பிழைத்துக்கொண்டான், கட்டிலோடு சேர்த்து விலங்கு மாட்டியிருந்தார்கள். கொலைக் கேஸ் என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் பேசியது அவள் காதில் விழுந்தது.

"தோள்ல பட்ட வெட்டுல சாகல சார். அதத் தச்சிருந்தா பத்து நாள்ல வீட்டுக்குப் போயிருப்பான். வயிறு கிழிஞ்சு செத்திருக்கான். வெட்டுக்கு முன்னாடியே கிழிஞ்சிருச்சு."

"சாப்பிட்டா கிழியுமா டாக்டர்?"

"சாதாரணமாக் கிழியாது, அதுக்கு முன்னாடி வாந்தி வந்துரும். இவனுக்கு நிறைவிய அடைச்சு வச்சிருக்காங்க. கடைசியா உள்ள போனது சோறு போலருக்கு. அதுலதான் தாங்காம விட்ருக்கு."

ராக்கப்பன் கொலைகாரன் இல்லை. நாகவல்லிக்கு உடம்பு லேசாகி, உடனேயே கனத்தது. இன்ஸ்பெக்டர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். பெஞ்சின் மறுகோடியில் கவியரசி இருந்தாள், சேலை முழுக்கக் காய்ந்த ரசமும் ரத்தமும்.

"நிறைவிய மாத்துனது சோலைச்சாமின்னு நீங்க சொல்லிட்டீங்க. சரி. இந்தம்மா உங்ககிட்ட வந்து பேசுனது ட்ரோன்ல பதிவாகியிருக்கு. பேச்சு பதிவாகல. விஷயத்த அப்பவே இவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கவியரசியிடம் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சோறு போடறதுக்கு முன்னாடியே இவங்களுக்குத் தெரியும்னா கேஸு வேற மாதிரி ஆயிரும்."

நாகவல்லி வாயைத் திறந்தாள். என்ன சொல்லத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இல்ல சார்" என்றாள் கவியரசி. "அப்ப தண்ணி வேணுமான்னு கேட்டாக, வேற ஒண்ணும் பேசல. வெட்டு விழுந்த பெறகுதான் சொன்னேன். சொன்னதும் எத அமுக்கணும்னு காட்டுனாக."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டாக்டரோடு உள்ளே போனார். வராந்தாவில் வேறு யாரும் இல்லை. நாகவல்லி நகர்ந்து போய்க் கவியரசியின் கையைப் பிடிக்கப் பார்த்தாள், கவியரசி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்த்தா அப்படிச் சொன்ன? என்னை மன்னிச்சிட்டியா?"

கவியரசி சேலையில் காய்ந்திருந்த ரசத்தை நகத்தால் சுரண்டினாள்.

"நீங்க ஜெயிலுக்குப் போனா ஒரு நா வெளிய வருவீகள்ல?" என்றாள். "வந்தா அம்பலகாரரு அதே பொட்டல்ல உங்களுக்கு எலை போடுவாரு. நான்ல பரிமாறணும்? அந்த நா வரவே கூடாதுக்கா. நீங்க உக்காந்தீகன்னா நான் நிறுத்த மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து, புருஷனின் உடம்பை வாங்கக் கையெழுத்துப் போடப் போனாள்.